செம்பனுக்கு ஒரு வீடு தேவை: துடிப்பு மிகுந்த காப்பக நாயை யார் தத்தெடுக்கலாம்?

கொன்றைப்பூ (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் வாரத்தில் மூன்று நாள்கள் தன்னார்வலராகப் பணியாற்றும் விலங்குக் காப்பகத்தில், செம்பன் என்று நாங்கள் அழைக்கும் ஆண் நாய் ஒன்று ஐந்து மாதங்களாக வீட்டுக்காகக் காத்திருக்கிறது. பற்களின் தேய்மானத்தைப் பார்த்து, ஏறத்தாழ இரண்டு வயது இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் கணித்திருக்கிறார். எடை 19 கிலோ. செம்மண் நிறம், நெஞ்சில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை, நிமிர்ந்த ஒரு காது, பாதியில் மடிந்த மற்றொரு காது. கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. வெறிநோய்த் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நாய்த் தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போடப்பட்டுள்ளன.

இந்த ஐந்து மாதங்களில் ஏழு குடும்பங்கள் அவனைப் பார்க்க வந்தன. எந்தக் குடும்பமும் அவனது அடைப்பின் முன் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். மனிதர் யாரைக் கண்டாலும் செம்பன் கம்பித் தடுப்பின் மேல் இரு முன்கால்களையும் ஊன்றித் துள்ளுகிறான், குரைக்கிறான், தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறான். வருகிறவர்களின் குழந்தை ஒரு அடி பின்வாங்குகிறது, பெற்றோர் அடுத்த அடைப்புக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே நாயை வெளியே திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று, இருபது நிமிடம் புல்லையும் வேலியோரத்தையும் மோந்து பார்க்க விட்டால், அதன் பிறகு என் காலில் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறான். அந்தச் செம்பனை அந்த ஏழு குடும்பங்களும் பார்க்கவே இல்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கயிற்றில் நடக்கும்போது இழுக்கிறான். உற்சாகம் மிகுந்தால் சட்டையின் கையைப் பல்லால் பிடித்துக்கொள்கிறான். இதுவரை யாரையும் கடித்ததில்லை. பூனையைக் கண்டால் துரத்துகிறான், ஆகையால் பூனை இருக்கும் வீட்டுக்கு அவனை அனுப்ப மாட்டோம். தனியே விடப்பட்டால் எவ்வளவு நேரம் அமைதியாக இருப்பான் என்பதைக் காப்பகத்தில் வைத்துக் கணிக்க முடியாது. எத்தகைய வீடு அவனுக்குப் பொருந்தும் என்பது பற்றி அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்பியே இந்த இழையைத் தொடங்கினேன்.

மாடிவீடு

வணக்கம். உங்கள் பதிவை என் கணவரிடமும் படித்துக் காட்டினேன். நாங்கள் மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் வசிக்கிறோம். சொந்தமாகத் தோட்டம் கிடையாது. என் கணவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், நான் வாரத்தில் நான்கு நாள்கள் வெளியே செல்கிறேன். சிறுவயதில் என் வீட்டில் நாய் இருந்தது, ஆனால் அதை வளர்த்தவர்கள் பெரியவர்கள்தாம். எனக்கென்று பொறுப்பு எதுவும் இருந்ததில்லை. எங்களைப் போன்றவர்கள் செம்பனைப் பற்றி யோசிக்கலாமா, அல்லது ஆசையை இப்போதே அடக்கிக்கொள்வதுதான் அவனுக்கு நல்லதா?

பழையதடம்

சகோதரி, ஆசையை அடக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே போன்று துடிப்பான பெண் நாய் ஒன்றை ஒரு காப்பகத்திலிருந்து அழைத்துவந்து, பத்தொன்பதாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். “விளையாட்டுத்தனமான நாய்” என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். அந்த இரண்டு நாள்களிலேயே உறவினர்கள், அண்டை வீட்டார், அவர்களுடைய குழந்தைகள் என்று ஏறத்தாழ பதினைந்து பேருக்கு அவளைக் காட்டினேன், கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றேன், குளிப்பாட்டினேன், என் அன்பை முழுவதும் அந்த இரண்டு நாள்களுக்குள் கொட்டிவிட வேண்டும் என்பதுபோல் நடந்துகொண்டேன். மூன்றாம் நாள் காலை வீட்டைப் பூட்டிவிட்டு ஒன்பது மணி நேரம் வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கதவு நிலையின் அடிப்பகுதி முழுவதும் கடித்துக் குதறப்பட்டிருந்தது, அவளுடைய ஈறில் இரத்தம் கசிந்திருந்தது. நான் அதைக் குறும்பு என்று நினைத்தேன். வெளியேற வழி தேடி அவள் பட்ட பாடு அது என்று இப்போது புரிகிறது. அடுத்த இரண்டு வாரங்கள் நானும் அவளும் ஒருவரையொருவர் களைப்படையச் செய்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அவளை ஒப்படைத்த அன்று அவள் என் வண்டியைப் பார்த்தபடியே உள்ளே போனாள். அதைப் பற்றி மேலும் எழுத எனக்குச் சொல் இல்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் மூன்று வாரங்களுக்கு வீட்டில் யார் இருப்பார்கள், செம்பனைத் தனியே விட்டுப் பழக்குவதை முதலில் எத்தனை நிமிடத்திலிருந்து தொடங்குவீர்கள் என்பதை, காப்பகத்துக்குப் போவதற்கு முன்பே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வயல்வரப்பு

நாற்பது ஆண்டுகளாக நாய் வளர்க்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 19 கிலோ எடையுள்ள இளம் நாயை மூன்றாம் மாடியில் அடைத்துவைப்பது அந்த உயிருக்கு நாம் செய்யும் கொடுமை. ஓடுவதற்கு இடம் வேண்டும். என் வீட்டைச் சுற்றி வேலியிட்ட அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அங்கே விட்டால் ஓடி ஓடிக் களைத்து, மாலையில் தானாகவே அடங்கிவிடும். மேலே தாவும் பழக்கத்துக்கு முழங்காலை உயர்த்தி நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். கயிற்றை இழுப்பதற்குச் சுருக்குச் சங்கிலி போட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். வேறு யாரும் முன்வராவிட்டால் நானே செம்பனை எடுத்துக்கொள்ளத் தயார்.

நாற்கால்தோழர்

நாய்ப் பயிற்சியாளர் என்ற முறையில் சில செய்திகளைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

முதலில் கம்பித் தடுப்பின் முன் நடக்கும் துள்ளலைப் பற்றி. காப்பகத்தில் நாயின் நாள் எப்படிக் கழிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். காப்பகங்களின் இரைச்சலை அளந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அது 100 டெசிபெலை அடிக்கடி தாண்டுவதைக் காட்டியது. புதிதாகக் காப்பகத்துக்கு வந்த நாய்களின் இரத்தத்தில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால், முதல் மூன்று நாள்களில் வீட்டு நாய்களுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததை 1997இலேயே கண்டறிந்தார்கள். வீட்டு நாய் ஒரு நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தைத் தூங்கியும் படுத்தும் கழிக்கும். காப்பகத்திலோ ஒரு நாய் கண்ணயரும்போது மற்றொன்று குரைக்கும். இப்படித் தூக்கம் குறைந்து, பேச்சுத்துணையில்லாமல், நாள் முழுவதும் காத்திருந்த நாயின் முன்னால் ஒரு மனிதர் வந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் அது துள்ளாமல் என்ன செய்யும்?

இதுபோன்ற குறுகிய நேரம்தான் அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது என்பதே வருத்தம். அலெக்சாண்ட்ரா புரோட்டோபோபோவா, கிளைவ் வின் ஆகிய இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அடைப்புக்கு வெளியே நாயுடன் பார்வையாளர் செலவிட்ட நேரம் சராசரியாக எட்டு நிமிடந்தான் என்று தெரிந்தது. அந்த எட்டு நிமிடத்தில் நாய் செய்த பலவற்றுள் இரண்டே செயல்கள்தாம் தத்தெடுப்போடு தொடர்பு கொண்டிருந்தன. பார்வையாளருக்கு அருகில் படுத்துக்கொண்ட நாய்கள் வீடு பெறும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. பார்வையாளர் விளையாட அழைத்தபோது கண்டுகொள்ளாத நாய்கள் பெரும்பாலும் பின்தங்கின. கொன்றைப்பூ அம்மையார் சொல்லும் செம்பன், இருபது நிமிடத்துக்குப் பிறகு அப்படி அருகில் படுத்துக்கொள்கிற நாய். ஆனால் எட்டு நிமிடந்தான் கிடைக்கிறது என்றால் அவனுக்குப் பன்னிரண்டு நிமிடம் குறைகிறது. ஆகவே, பார்க்க வருகிறவர்கள் வருவதற்கு அரை மணிக்கு முன்பே அவனை வெளியே அழைத்துச் சென்று மோந்து நடக்க விடுங்கள். வருகிறவர்கள் அவனை முதன்முதலாகப் பார்ப்பது அடைப்பின் முன்னால் இல்லாமல் மரத்தடியில் இருக்கட்டும். செலவில்லாத மாற்றம் இது.

வயல்வரப்பு ஐயா, தங்கள் அன்பில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இரண்டு செய்திகளில் மாறுபடுகிறேன். நாய் தாவுவது நம் முகத்தருகே வந்து வணங்குவதற்காக. நெஞ்சில் தட்டினால் தாவலை நிறுத்தலாம். அதோடு, மனிதரை நெருங்கினால் வலிக்கும் என்பதையும் அது கற்றுக்கொள்ளக்கூடும். 92 வீட்டு நாய்களை வைத்து போர்ச்சுகலில் நடந்த, 2020இல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் பயின்ற நாய்களிடம் பயிற்சியின்போது அழுத்த அறிகுறிகளும் பயிற்சிக்குப் பின் கார்ட்டிசாலும் கூடுதலாக இருந்தன. நான்கு கால்களும் தரையில் இருக்கும் நொடியில் கவனமும் தின்பண்டத் துணுக்கும் கிடைக்கும், கால் உயர்ந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்பதை எல்லாரும் ஒரே மாதிரி கடைப்பிடித்தால் போதும். தொடக்கத்தில் சில நாள்கள் தாவல் முன்னைவிட அதிகமாகும். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காமல் போகும்போது எந்த உயிரும் அதையே இன்னும் வேகமாகச் செய்து பார்க்கும். பெரும்பாலோர் அந்த நாள்களில்தான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ஓடும் இடம். அரை ஏக்கர் நிலத்தில் தனியே விடப்பட்ட நாய் பெரும்பாலும் ஓடுவதில்லை. வாசலருகே படுத்து நம்மை எதிர்பார்க்கும், அல்லது வேலியோரமாக முன்னும் பின்னும் நடந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் பந்தை எறிந்து எறிந்து ஓடவிட்டால், நாளை அதைவிடக் கூடுதலாக ஓட வலிமை பெற்ற நாய் ஒன்றைத்தான் நாம் உருவாக்குவோம். மூக்குக்கு வேலை கொடுங்கள். துணியில் சுருட்டிய உணவுத் துணுக்குகளைத் தேடச் சொல்லுங்கள், நடையின் பாதி நேரம் அது மோந்து நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு விளையாடிய நாய்கள், கயிற்றில் ஒட்டி நடக்கப் பழகிய நாய்களைக் காட்டிலும் புதிய சூழலை நம்பிக்கையோடு அணுகின என்று 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்றாம் மாடியிலும் இதைச் செய்யலாம்.

வயல்வரப்பு

பயிற்சியாளரே, தாங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். முழங்காலால் தட்டும் பழக்கம் என் தந்தையிடமிருந்து வந்தது. அவர் நாய்களை நேசித்தவர், வேறு வழி அறியாதவர். அதை நான் யோசிக்கிறேன். நிலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: நான் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன், இடையில் வீட்டில் யாரும் இல்லை. மனிதரைக் கண்டால் இவ்வளவு ஏங்கும் நாய்க்கு அது சரிப்படாது என்று எனக்கே தோன்றுகிறது. என் பெயரை எடுத்துவிடுங்கள்.

ஊசிமருந்து (கால்நடை மருத்துவர்)

சுருக்கமாகச் சில குறிப்புகள். பல்லை வைத்துச் சொல்லும் வயது, நாய் வளர்ந்த பிறகு தோராயமானதுதான். இரண்டு என்றால் ஒன்றரையாகவும் மூன்றாகவும் இருக்கலாம். ஒன்றரை என்றால் இப்போது நீங்கள் பார்க்கும் துடிப்பில் ஒரு பகுதி விடலைப் பருவத்தைச் சேர்ந்தது. நாய்களுக்கும் அந்தப் பருவம் உண்டு: ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் தம்மை வளர்ப்பவரின் சொல்லை மட்டும் கேட்க மறுத்ததையும், அதே கட்டளையை அயலார் சொன்னபோது கேட்டதையும் 2020இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அது காலப்போக்கில் தணியும்.

துடிப்பான நாயை வெயிலில் ஓடவிடாதீர்கள். நாய்க்கு உள்ளங்கால்களைத் தவிர வேறெங்கும் குறிப்பிடத்தக்க வியர்வை கிடையாது. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். உற்சாகத்தில் இருக்கும் நாய் தன் உடல் சூடேறுவதை உணர்ந்து தானாக நின்றுவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. மற்றொன்று: நாயின் தோலுக்கு அடியில் பொருத்தும் மைக்ரோசிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. புதிய வீட்டுக்கு வந்தவுடன் அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவாகாவிட்டால் அதனால் பயனில்லை. புதிய இடத்தில் நாய் தப்பி ஓடுவதற்கு முதல் சில நாள்களில்தான் வாய்ப்பு மிகுதி என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாடிவீடு

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. முதல் பதிவில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அது சரியில்லை என்று பழையதடம் அவர்களின் பதிவைப் படித்ததும் உணர்ந்தேன். என் மாமியார் எங்களுடன் இருக்கிறார். அவருக்கு 71 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். 19 கிலோ நாய் ஒருமுறை மேலே தாவினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். இதைச் சொன்னால் செம்பன் எங்களுக்குக் கிடைக்க மாட்டான் என்ற அச்சத்தில்தான் சொல்லவில்லை.

கொன்றைப்பூ

சொன்னதற்கு நன்றி, சகோதரி. நீங்கள் சொல்லாமல் இருந்து, பிறகு பெரியவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் செம்பன் மறுபடியும் எங்களிடம் வந்திருப்பான். “முதியவரைத் தள்ளிவிட்ட நாய்” என்ற குறிப்போடு வந்திருப்பான். அந்தக் குறிப்போடு வரும் நாய்க்கு வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் பார்த்திருக்கிறேன். காப்பகத்தில் மற்றவர்களுடன் பேசினேன். அவர்களுடைய முதல் பதில் “வேண்டாம்” என்பதே. எனக்கும் அதுவே தோன்றுகிறது. பயிற்சியாளர் என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

நாற்கால்தோழர்

எளிதில் சொல்லிவிடக்கூடிய பதில் “வேண்டாம்” என்பதுதான், அது தவறான பதிலும் இல்லை. ஆனால் பெரியவரைக் கேட்காமல் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் இந்த நாயை விரும்புகிறாரா, அல்லது மகனுக்காகவும் மருமகளுக்காகவும் தலையசைக்கிறாரா? அவருக்கு மனமில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிகிறது.

மனமிருந்தால், முதற்சந்திப்பில் நாய்க்கும் அவருக்கும் இடையே வேலி இருக்கட்டும். அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கட்டும். செம்பன் வேலியைத் தாவாமல் நிற்கும் நேரம் சந்திப்புக்குச் சந்திப்பு கூடுகிறதா என்று குறித்துவையுங்கள். நான்கு சந்திப்புகளில் முன்னேற்றம் தெரியாவிட்டால், வருத்தமாக இருந்தாலும் வேறு வீட்டைத் தேடுவோம். வீட்டுக்குள் இடுப்பளவு உயரமுள்ள தடுப்புக் கதவு ஒன்றைப் பெரியவரின் நடமாட்டப் பகுதிக்கும் நாயின் பகுதிக்கும் இடையில் பொருத்த வேண்டும் என்பது எப்படியும் நிபந்தனை.

மாடிவீடு (ஐந்து நாள்களுக்குப் பிறகு)

அத்தையிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “என் காலைக் காரணம் காட்டி ஒரு வாயில்லாச் சீவனை விட்டுவிடாதீர்கள், ஆனால் என் காலை மறந்தும் விடாதீர்கள்.” நேற்றுக் காலை மூவரும் காப்பகத்துக்குப் போனோம்.

கொன்றைப்பூ அவர்கள் செம்பனை அரை மணி நேரம் முன்பே நடக்க அழைத்துச் சென்றிருந்தார். ஆனாலும் என்னையும் என் கணவரையும் கண்டதும் வேலியின் மேல் தாவினான். நாங்கள் இருவரும் சிரித்தோம், பெயர் சொல்லி அழைத்தோம், கையை நீட்டினோம். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று படித்திருந்தும் எங்களால் முடியவில்லை. அத்தை நாற்காலியில் அமர்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் செம்பன் எங்களை விட்டுவிட்டு அவர் இருந்த பக்கம் போய், வேலியோரம் அமர்ந்தான். அவர் பேசவில்லை. துணுக்கு ஒன்றை வேலிக்கு அடியில் தள்ளினார். அவன் தின்றுவிட்டு மறுபடியும் அமர்ந்தான்.

கொன்றைப்பூ

நானும் அதைக் கண்டேன். ஐந்து மாதங்களாக அவனைப் பழக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாங்கள், உள்ளே நுழையும்போதே குரலை உயர்த்தி, கையை ஆட்டி, அவனைத் துள்ளச் சொல்லித் தந்துகொண்டிருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது அவனது அடைப்பின் மேல் ஓர் அட்டை தொங்குகிறது: “அமைதியாக நில்லுங்கள், அவன் அமர்ந்ததும் பேசுங்கள்.” அருகில் ஒரு டப்பாவில் துணுக்குகள் இருக்கின்றன. அட்டையைத் தொங்கவிட்ட நான்காம் நாளே, துப்புரவுப் பணி செய்யும் அம்மா வருவதைக் கண்டு அவன் துள்ளாமல் அமர்ந்ததைப் பார்த்தேன்.

பழையதடம்

பெரியவரின் பொறுமைக்கு என் வணக்கம். ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்: நேரடியாகத் தத்துப் பத்திரத்தில் கையெழுத்திடாமல், சில நாள்கள் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு அங்கே உண்டா? எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருந்திருந்தால், அது “திருப்பிக் கொடுத்தல்” என்ற பெயரில் முடிந்திருக்காது என்று அடிக்கடி எண்ணுகிறேன். ஆனால் வீட்டைக் காட்டிவிட்டு மறுபடியும் அடைப்பில் விடுவது நாய்க்கு இன்னும் துன்பமாகாதா என்ற கவலையும் இருக்கிறது.

நாற்கால்தோழர்

அந்தக் கவலைக்கு ஓரளவு பதில் இருக்கிறது. ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. வீட்டில் இருந்தபோது கார்ட்டிசால் குறைந்தது, இடையறாத ஓய்வு நீண்டது. காப்பகத்துக்குத் திரும்பியபோது கார்ட்டிசால் முன்பிருந்த நிலைக்கே வந்தது, அதைத் தாண்டி உயரவில்லை. ஆக, அந்த ஓரிரு இரவுகள் நாய்க்கு ஓய்வாகவே அமைந்தன. அதோடு, வீட்டில் அது எப்படி இருக்கும் என்பது பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திக்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

கொன்றைப்பூ (பதினெட்டு நாள்களுக்குப் பிறகு)

நான்கு சந்திப்புகளும் முடிந்தன. பெரியவருக்கு முன்னால் செம்பன் தாவலை விட்டு அமர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் குறித்துவைத்தேன்: முதல் சந்திப்பில் அமர்வதற்குப் பத்து நிமிடம் ஆனது, இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் மழையும் இடியும் இருந்ததால் மறுபடியும் பத்துக்கு மேல், நான்காவதில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வீட்டை நேரில் பார்த்தோம். தடுப்புக் கதவு பொருத்தியிருக்கிறார்கள், மாடி முகப்புக்குக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள், எங்கள் தன்னார்வலர் ஒருவர் சொன்னபடி குப்பைக்கூடையை மூடியுள்ளதாக மாற்றியிருக்கிறார்கள். இன்று காலை மூன்று வாரத் தற்காலிகப் பராமரிப்புக்காகச் செம்பன் அவர்களுடன் புறப்பட்டான். தத்துப் பத்திரத்தைப் பற்றி மூன்று வாரத்துக்குப் பிறகுதான் பேசுவோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

மாடிவீடு (வந்த பன்னிரண்டாம் நாள்)

கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன். முதல் இரண்டு நாள்கள் செம்பன் பெரும்பாலும் தூங்கினான். நோயோ என்று அஞ்சி மருத்துவரை அழைத்தேன். உடம்பில் ஒன்றுமில்லை, ஐந்து மாதத் தூக்கத்தைத் தூங்குகிறான் என்றார். விருந்தினர் யாரையும் அழைக்கவில்லை. மைக்ரோசிப் பதிவை வந்த அன்றே மாற்றிவிட்டோம்.

தனியே விடுவதை ஒரு நிமிடத்திலிருந்து தொடங்கினோம். கதவை மூடி, மாடிப்படியில் நின்று, திரும்ப உள்ளே வந்தோம். இன்று நாற்பது நிமிடம். ஆறாம் நாள் அவசரப்பட்டு ஒரு மணி நேரம் விட்டேன், ஊளையிட்டான் என்று கீழ்வீட்டார் சொன்னார்கள். மறுநாள் பத்து நிமிடத்துக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடியும் ஏறினோம். காலையும் மாலையும் நாற்பது நிமிட நடை, இடையில் ஒருமுறை பழைய அட்டைப் பெட்டிகளுக்குள் துணுக்குகளை ஒளித்துவைத்துத் தேடச் சொல்கிறோம். அட்டையைக் கிழித்து முடித்ததும் தடுப்புக் கதவோரம் போய்ப் படுத்துக்கொள்கிறான். மறுபக்கத்தில் அத்தையின் நாற்காலி இருக்கிறது.

தீராத சிக்கல் ஒன்றே ஒன்று. கதவு மணி ஒலித்தால் இதுவரை கற்ற அத்தனையையும் மறந்து வாசலுக்குப் பாய்கிறான். அந்த நேரத்தில் அத்தை நடைவழியில் இருந்தால் என்ன செய்வது என்பதே என் கவலை. இப்போதைக்கு மணியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வருகிறவர்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லியிருக்கிறோம். நிலையான தீர்வுக்கு என்ன செய்யலாம் என்று பயிற்சியாளர் சொன்னால் நன்றாக இருக்கும்.

நாற்கால்தோழர்

இணைப்பைத் துண்டித்தது சரியான முடிவு, அப்படியே இருக்கட்டும். மணியோசையைக் கைப்பேசியில் பதிவுசெய்து, மிகக் குறைந்த ஒலியில், கதவுப் பக்கம் யாரும் போகாத நேரத்தில் ஒலிக்கச் செய்யுங்கள். ஒலித்த அடுத்த நொடியே அவனுடைய பாயின் மேல் மூன்று நான்கு துணுக்குகளைப் போடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து முறை, அதற்கு மேல் வேண்டாம். மணி கேட்டதும் கதவை நோக்காமல் பாயை நோக்கித் தலையைத் திருப்பும் நாள் வந்ததும் ஒலியை ஒரு படி கூட்டுங்கள். உண்மையான மணியை மறுபடியும் இணைப்பதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், அவசரமில்லை. அதுவரை பெரியவர் தடுப்புக் கதவைத் திறப்பதற்கு முன் உங்களில் ஒருவரை அழைக்கட்டும்.

மாடிவீடு

பதிவுசெய்துவிட்டேன். இன்று மாலை நடைக்குப் பிறகு முதல் ஐந்து முறையைத் தொடங்குகிறோம். துணுக்குகளைத் தானே போடுவதாக அத்தை சொல்கிறார்.